பேரேட்டில் ஓர் ஆள்

ஊவாத் தோட்டங்களில் ‘பேர்’ என்னுஞ் சொல் பெயரை மட்டும் குறிப்பதன்று. ஒரு நாள் வேலை ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து பறியாதோர்க்கு அரைப்பேர். இப்பேர்களைத் தாங்கும் பதிவேடு செக்ரோல். ஆளுக்கொரு நிரை, திகதிக்கொரு நிரல் என விரிந்த தாள் அது. மாத முடிவில் கூட்டிச் சம்பளம் போட மிகவும் வசதியான ஏடு.

இதனைக் கணினியில் ஏற்றப் புகும் இளைஞர் பலர், தாளைப் பார்த்தே தரவுத்தள அட்டவணையை வரைந்துவிடுகின்றனர். பின்னர் அவ்வட்டவணையைப் பார்த்துத் ‘தொழிலாளி’ என்றொரு வகுப்பை எழுதுகின்றனர். வகுப்பு என்பது ஈண்டு ஒருவகைப் பொருளுக்குரிய தன்மைகளையும் செயல்களையும் ஒருங்கே கூறும் வரைவு. நோர்வே நாட்டு அறிஞர் டாலும் நைகார்டும் 1967-ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த சிமுலா மொழி இக்கருத்துக்கு வழிகோலியது. அட்டவணைகளைத் தொடர்புபடுத்தும் முறையை எட்கார் கொட் 1970-இல் விளக்கினார். இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். சம்பந்தம் பேசித்தான் சேர்க்க வேண்டும்.

முப்பத்தொரு நிரல்களை நீக்கி, ஒருவர் ஒரு நாள் செய்த வேலைக்கு ஒரு நிரை என்று தனி அட்டவணை அமைத்தல் எளிது. கடினமானது வேறொன்று.

பசறையில் வேலைசெய்த பெண்ணொருவர் மணமுடித்து அப்புத்தளைத் தோட்டமொன்றிற் சேர்கின்றார் எனக் கொள்வோம். செக்ரோல் இலக்கம் புதிதாகின்றது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த ஊழியர் சேமலாப நிதியின் அங்கத்தவர் இலக்கமோ தொழில்தருநரைச் சார்ந்தது, அதுவும் மாறுகின்றது. இடம்பெயராதவர்க்கும் துரைமார் மாறினர்: 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992-இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஓர் ஏட்டில் லெட்சுமி, மற்றோர் ஏட்டில் லக்ஷ்மி. ஐம்பது வயதில் நிதியைக் கோரும்போது, மூன்று நிரைகளில் உள்ளவர் ஒருவரே என்று அவரே மெய்ப்பிக்க வேண்டியதாகின்றது. வாழ்நாட் சேமிப்பு ஓர் எழுத்தில் தொங்குவது கொடுமையே.

‘தொழிலாளி’ ஒரு வகை ஆள் என்று கொண்டதே இங்குள்ள பிழை. ஆள் வேறு, வேலை வேறு. வேலையென்பது ஓர் ஆளுக்கும் ஒரு தோட்டத்துக்கும் இடையே தொடங்கி முடியும் தொடர்பு. ஆகவே ‘ஆள்’ ஒரு வகுப்பு, ‘வேலை’ ஒரு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. சேமலாப இலக்கம் வேலையின் நிரையில் அமையும். பெயர் எழுதப்பட்ட வடிவங்கள் யாவும், எந்த ஆவணத்தில் உள்ளவை என்ற குறிப்புடன், மூன்றாம் அட்டவணையிற் கிடக்கும்.

ஆளின் நிரைக்கு முதன்மைச் சாவி யாது? தேசிய அடையாள அட்டை இலக்கம் என்பர். ஆயின் அவ்விலக்கம் பிறந்த ஆண்டையும், ஆண்டில் எத்தனையாம் நாள் என்பதையும் உள்ளடக்கியது; பெண்களுக்கு நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். பிறந்த திகதி பிழையென்று பின்னர் தெரியின் இலக்கமே பொய்த்துவிடும். பழைய இலக்கத்தின் ஈற்றில் வாக்குரிமையுடையோர்க்கு ‘வி’, இல்லாதோர்க்கு ‘எக்ஸ்’ நின்றது. நாடற்றோராய் வைக்கப்பட்டிருந்த மலையகத்தார்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியதை நினைப்போர், மாறக்கூடிய உரிமையைச் சாவியிற் பொறிக்கத் துணியார். 2016 முதல் இலக்கமே பன்னிரண்டு தானங்களாயிற்று.

எனவே சாவியாகப் பொருளேதுமில்லாத ஓர் எண்ணை இயந்திரமே இடட்டும். அட்டை இலக்கங்கள், பழையதும் புதியதும், பெயர் வடிவங்களைப்போல் வேறோர் அட்டவணையில் இருக்கட்டும். இரு நிரைகள் ஒருவரையே குறிப்பன என்று பிற்காலத்தில் தெரிந்தால், ஒன்றை அழித்தலாகாது. அதன் வேலைகளை மற்றதற்கு மாற்றி, மாற்றிய நாளையும் குறித்து வைத்தல் வேண்டும்.