சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

ஆந்திர எல்லையோர நாராயணவனத்தில் ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவர் கோயில் வீதியில் வழி தெரியாமல் நின்றால், பூக்கடைக்காரரோ தறிக்காரரோ யாராவது கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இன்னார் வீட்டுத் தாத்தா என்று ஊருக்கே தெரியும். டிமென்ஷியா என்னும் மறதி நோயின் முதல் சில ஆண்டுகளை இப்படி ஊர்க்காரர்களின் தயவில் ஓட்டிவிடலாம். அதே தாத்தா ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஊத்துக்கோட்டை சாலையில் நடக்கத் தொடங்கும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். 'ஹோம்' என்ற பேச்சு வீட்டில் முதன்முதலாக எழுவது பெரும்பாலும் அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான்.

பேச்சை எடுத்தவர்மேல்தான் முதலில் பழி விழும். பெரும்பாலும் அவர் மருமகளாகவோ, கல்யாணமாகாத மகளாகவோ, தானே எழுபதைத் தாண்டிய மனைவியாகவோ இருப்பார். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ போனில் பேசும் உறவினர்கள், "அம்மாவைக் கொண்டுபோய் விட்டுடப் போறீங்களா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து ஒரு வாரம் அந்த அம்மாவின் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். நகரத்தில் 5.3 சதவீதம் என்றால் கிராமத்தில் 8.4. பராமரிக்கும் இல்லங்களோ பெருநகரங்களைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் ரத்தப் பரிசோதனை

இல்லம் தேடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 'வயசாயிடுச்சு, அறளை பெயர்ந்துவிட்டது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கடுமையான மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடியால் மூளை உறைக்கடியில் மெல்லச் சேரும் ரத்தக்கட்டு ஆகியவை டிமென்ஷியா போலவே தோன்றும், சிகிச்சையால் தேறக்கூடியவை. நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, உடலில் உப்புச்சத்து குறைந்ததாகவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையாகவோ இருக்கலாம். அப்படிப்பட்டவரை இல்லத்துக்கு அழைத்துப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

நாராயணவனத்துக்காரர்களுக்குத் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு பக்கம்; வேலூர் சி.எம்.சி.யும் எட்டாத தூரமில்லை. என்ன வகை டிமென்ஷியா, எந்தக் கட்டம், என்னென்ன மருந்து என்று மருத்துவர் எழுதித் தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல இல்லம் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு தாளும் கேட்காமல் முன்பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

முதியோர் இல்லம் என்றால் போதாது

பெயர்ப்பலகையில் 'முதியோர் இல்லம்' என்று இருப்பவற்றில் பெரும்பாலானவை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கானவை. குளிக்க, உடுத்த, கழிப்பறைக்குப் போக ஆள் தேவைப்படுகிறவரை அவர்களால் சமாளிக்க முடியாது. நோயை மறைத்துச் சேர்த்துவிட்டால் மூன்றாம் நாளே 'வந்து கூட்டிப் போங்கள்' என்று போன் வரும். இடம் மாறும்போதே குழம்பிப்போகும் மனுஷிக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடமாற்றம் பெருங்கொடுமை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்: ராத்திரி தூங்கமாட்டார், கோபம் வந்தால் கை ஓங்குவார், ஆடையிலேயே மலம் போய்விடுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் நிர்வாகி உங்கள் நேரத்தையாவது மிச்சப்படுத்தினார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த இடம் பார்க்கலாம்.

இந்த நோய்க்கென்றே சேவை செய்வோர் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். கேரளத்தில் 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு. முகவரிகள் விசாரிக்க நல்ல இடம். பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் டிமென்ஷியாவுக்கென்றே தனி மையம் நடத்துகிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு இதற்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. நேராக நிரந்தரமாகச் சேர்த்துவிடாமல், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தற்காலிகமாகத் தங்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். பார்த்துக்கொள்பவர் கொஞ்சம் தூங்கி எழுவார். இல்லத்தின் உண்மையான குணமும் அதற்குள் தெரிந்துவிடும்.

எந்த மொழியில் தண்ணீர் கேட்பார்?

நம் எல்லையோரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் வேறு சில பகுதிகள் ஆந்திரத்துக்கும் என்று எல்லை மாறியபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்தான் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். இரண்டு மொழி பேசியதில் அவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, சிறுவயதில் கேட்ட பேச்சு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். ஐம்பது வருஷம் தெலுங்கில் வியாபாரம் செய்தவர் 'தாகமா இருக்கு' என்று தமிழில் மட்டும் சொல்வார். இல்லத்தில் கவனித்துக்கொள்ளும் பெண்ணோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவர்மேல் குறையில்லை, மனசு நல்ல மனசாகவும் இருக்கும். ஆனால் தாகம் என்று புரியாததால் தண்ணீர் வராது. வராததால் கிழவர் கத்துவார். கத்தியதால் மாத்திரை வரும். அதனால் பளிங்குத் தரை போட்ட தூரத்து இல்லத்தைவிட, ஆயாக்கள் தமிழும் தெலுங்கும் பேசும் சுமாரான கட்டடத்தையே நான் சிபாரிசு செய்வேன். நிர்வாகிக்குத் தமிழ் தெரிவது போதாது. ராத்திரிப் பணியில் இருப்பவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

சாப்பாடும் இதே கணக்குதான். வாழ்நாளெல்லாம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டவர் முன்னால் காலையில் ரொட்டித் துண்டை வைத்தால் அது உணவு என்றே அவருக்குத் தோன்றாமல் போகலாம்.

எப்போது போய்ப் பார்ப்பது

காலை பதினோரு மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். எல்லாரும் குளித்து, நெற்றிக்கு இட்டு, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் போங்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்கு அந்திப் பொழுதில்தான் பதற்றம் ஏறும். வீட்டுக்குப் போகணும், பிள்ளை பள்ளியிலிருந்து வந்திருப்பான், மாடு கட்டணும் என்று எழுந்து வாசலுக்கு வருவார்கள். பணியாள் மாறும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆறு மணிக்கு அந்தக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியவேண்டியது தெரிந்துவிடும். வீட்டுக்குப் போகணும் என்று அழும் பாட்டியிடம் ஆயா என்ன சொல்கிறார்? 'உட்காரு' என்று தோளை அழுத்துகிறாரா, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று நடந்துவிட்டு வருகிறாரா? பெரியவர்களைப் பெயர் சொல்லியோ அம்மா, தாத்தா என்றோ கூப்பிடுகிறார்களா, அல்லது கட்டில் எண்ணைச் சொல்லியா?

கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். ஈரமில்லாத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, ராத்திரி விளக்கு மூன்றும் வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுக்குப் பேர்போன மண்ணில் இருந்துகொண்டு சொல்கிறேன், வயதானவரின் இடுப்பு முறிவைக் கட்டுப்போட்டுப் படுக்கவைப்பது ஆபத்து. இருபது பேருக்கு ராத்திரியில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'இருக்காங்க சார்' என்பது பதில் ஆகாது, எண்ணிக்கை சொல்ல வேண்டும். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். எழுதிவைத்திருக்கும் நோட்டைக் காட்டச் சொல்லலாம். மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா, விழுங்கச் சிரமப்படுபவருக்கு நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, ராத்திரி மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போவார்கள் என்றும் விசாரியுங்கள்.

கட்டிப்போடுவதும் மாத்திரையும்

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே தீர வேண்டியது இது. கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவதும், நாற்காலியில் பட்டை போட்டு உட்காரவைப்பதும் 'பாதுகாப்புக்காக' என்ற பெயரில் நடக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாக முடியாது. நினைவையும் சூழல் உணர்வையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதால், மாநில மனநல ஆணையத்தில் இல்லம் பதிவு செய்திருக்கிறதா என்றும் கேட்கலாம்.

மாத்திரையால் கட்டிப்போடுவது கண்ணுக்குத் தெரியாது. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் தேவைப்படலாம். ஆனால் இவ்வகை மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியோரிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கத் தொடங்கியது. யார் எழுதினார்கள், எதற்காக, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் புது மாத்திரை தொடங்கக் கூடாது என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். நீங்கள் போகும் நேரமெல்லாம் கூடத்தில் எல்லாரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் அதை அமைதி என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

பணம், கையெழுத்து

மாதக் கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆஸ்பத்திரியில் உடன் இருக்க ஆள் என்று தனியே ஏறுவது சிலசமயம் கட்டணத்தையே தொட்டுவிடும். முன்பணம் திரும்புமா, ஒரு மாதம் கழித்து அழைத்து வந்துவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், நோய் முற்றினால் வைத்துக்கொள்வார்களா, அங்கேயே காலமானால் என்ன நடைமுறை என்பவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று பவர் பத்திரம். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துபோகிறது. எதற்காக எழுதி வாங்கினோமோ அந்த நேரத்தில் அது செல்லாது! ஆகவே நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, உயில் எழுதுவது, மனநலச் சட்டப்படி தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்வது எல்லாம் முடிந்துவிட வேண்டும். காலம் கடந்துவிட்டால் பாதுகாவலர் நியமனம் கோரி நீதிமன்றம் போகவேண்டி வரும்.

நோயாளி பிள்ளையில்லாத அத்தையோ பெரியப்பாவோ என்றால் இன்னொன்று. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது அடையப்போகும் உறவினருக்கும் பராமரிக்கும் கடமை உண்டு. கவனிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முதியோர் உதவி எண் 14567-இல் இதுபற்றி ஆலோசனை கேட்கலாம். பார்த்துக்கொள்பவருக்கே மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416. அங்கே தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

சேர்த்த பிறகு

முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். அழுவார், சாப்பிட மறுப்பார், உங்களைத் திட்டுவார். அதைப் பார்த்து உடனே அழைத்து வந்துவிடவும் வேண்டாம், பார்க்கப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். வாரம் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் போங்கள். தாலி, வளையல், மூக்குத்தியைக் கழற்றி வாங்கிக்கொண்டு மஞ்சள் கயிறோ கவரிங்கோ போட்டு அனுப்புவது நல்லது. வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பதறும் பாட்டிகள் உண்டு. துணிகளில் பெயரைத் தைத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு அவரைப்பற்றி எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்: என்ன தொழில் செய்தார், வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம், எந்தச் சாமியைக் கும்பிடுவார், காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, எதைச் சொன்னால் கோபம் வரும். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள்.

போகும்போதெல்லாம் குதிகாலையும் முதுகின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். சிவந்திருந்தால் அன்றே சொல்லுங்கள். எடை நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறை சொன்னால் பாட்டியிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் வாயைத் திறப்பதில்லை. நிர்வாகியிடம் தனியே, நிதானமாக, எழுத்தில் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் பட்டியலில் இரண்டாவதாக வைத்திருந்த இல்லத்துக்குப் போன் செய்யுங்கள்.