நோயுற்ற வாடகைதாரரின் பொருள்கள்: நம் கையில் ஓர் அமானிதம்



தனியாகக் குடியிருந்த பெரியவர் ஒருவர் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்கிறார். அங்கிருந்து மகள் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுகிறார். இனி அவர் தனியே வாழ முடியாது. கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் வீட்டில் அப்படியே கிடக்கின்றன. மூன்று மாத வாடகை பாக்கி. வீட்டுக்கார அம்மாவோ அந்த வாடகையை நம்பி வாழும் விதவை. இரு தரப்பும் சிரமத்தில் இருக்கும்போது என்ன செய்வது?

வாடகை பாக்கி என்பது கடன். வீட்டிலுள்ள பொருள் அமானிதம். இரண்டையும் கலக்கக் கூடாது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரா அந்நிஸாவின் 58வது வசனம் கட்டளையிடுகிறது. குடியிருந்தவர் பிற சமயத்தவரானாலும் இதில் வேறுபாடு இல்லை.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி, ஒருவர் தாமாகக் காலி செய்யாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுக வேண்டும். பூட்டை உடைத்துச் சாமான்களை வெளியே வைப்பதும், விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்வதும் கூடாது. பாக்கியை முன்பணத்தில் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை:

1. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடமே கேளுங்கள். வீட்டை ஒப்படைப்பதையும், பொருள்களை எடுக்க யாருக்கு அனுமதி என்பதையும் எழுதி வாங்குங்கள். கையெழுத்திட முடியாவிட்டால் இரு சாட்சிகள் முன் கைரேகை போதும். நினைவு இல்லையென்றால் பிள்ளைகள் அனைவருக்கும் தகவல் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

2. ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை முதலில் அனுப்புங்கள். சிகிச்சைக்கு அவை உடனே தேவைப்படும்.

3. குடும்பத்தார் ஒருவரும் ஜமாஅத் சார்பில் இருவரும் இருக்கும்போதே வீட்டைத் திறங்கள். பெண் குடியிருந்த வீடானால் ஒரு பெண்ணும் உடனிருக்கட்டும். பட்டியல் இரண்டு பிரதி எழுதி, அனைவரும் கையெழுத்திடுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நகை, பணம் இருந்தால் அன்றே ஒப்படையுங்கள்.

4. கெட்டுப்போகும் உணவை அகற்றி, சிலிண்டரை மூடிவிடுங்கள். மற்றவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, எடுத்துச் செல்லும் தேதியை இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். "இந்த பீரோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நோயாளி நன்றியுடன் சொல்லலாம். மரணத்தில் முடியும் நோயின்போது கொடுத்த அன்பளிப்பு வஸிய்யத்தைப் போன்றது என்பது ஃபிக்ஹ் சட்டம். அடக்கச் செலவும் கடன்களும் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அது செல்ல வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எனவே பிள்ளைகளுக்குத் தெரியாமல் எதையும் பெறாதீர்கள்.

அவர் வஃபாத்தாகிவிட்டால் வாடகை பாக்கி அவருடைய கடன்களில் ஒன்று. வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் அதைக் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரர் அதைக் கூச்சமின்றிக் கேட்கலாம். விட்டுக்கொடுத்தால் அது ஸதகா.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நமக்கு அமானிதம் பேணும் மனதையும் தருவானாக. ஆமீன்.

- செயலாளர்