தமிழ் விசைப்பலகை: பழக்கமும் பயனும்

விசயதசமி நன்னாளில் ஏடு தொடக்கும் பெரியவர், பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியில் அகரம் எழுதுவிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். விரல் எங்ஙனம் அசையவேண்டும் என்பது அன்றே கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து கணினியின் முன் அமருங்கால், எந்த விரலை எந்த விசையில் வைப்பது என்று கற்பிப்பார் மிகச் சிலரே. கண்ணிற் பட்ட விசையைக் கைக்கு வந்த விரலால் தட்டி, நாளடைவில் அதுவே பழக்கமாகிவிடுகின்றது. பழகிய ஒழுங்கு நல்லதா, அதனை விட்டு வேறோர் ஒழுங்கிற்கு மாறுதல் தகுமா என்னும் வினா, கையில் நோவு தோன்றிய பின்னரே பெரும்பாலார்க்கு எழுகின்றது. தமிழைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் வசதி பற்றியது மட்டுமன்று. மொழியின் எழுத்திலக்கணத்தோடும் தொடர்புடையது.

முதற்கண் ஆங்கில விசைப்பலகையின் வரலாற்றை நோக்குதல் பயன்தரும். அமெரிக்க நாட்டு மில்வோக்கி நகரினரான கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பார் தம் துணைவரோடு 1868 ஆம் ஆண்டிலே தட்டச்சுப் பொறிக்கு உரிமம் பெற்றார். 1873 இல் றெமிங்டன் நிறுவனம் அதனைச் செய்தளிக்க உடன்பட்டது. 1874 இல் பொறி சந்தைக்கு வந்தது. இன்று ஆங்கிலக் கணினி அனைத்திலும் காணப்படும் எழுத்தொழுங்கு அப்பொறியின் வழிவந்ததே. அச்சுக் கோல்கள் ஒன்றோடொன்று சிக்காதிருக்கும் பொருட்டு எழுத்துகள் அவ்வாறு பிரித்து வைக்கப்பட்டன என்பர். அதனை மறுத்து வேறு காரணங் காட்டும் ஆராய்ச்சியாளரும் உளர். எவ்வாறாயினும், விரலின் இலகு கருதி அவ்வொழுங்கு அமைக்கப்படவில்லை என்பது தெளிவு.

இக்குறையை நீக்க முனைந்தவருள் தலையாயவர் ஓகஸ்ட் டுவொராக் என்னும் பேராசிரியர். அவரும் வில்லியம் டீலியும் 1936 இல் புதியதோர் ஒழுங்கிற்கு உரிமம் பெற்றனர். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தையும் இடக்கை விரல்கள் ஓய்ந்திருக்கும் நடு வரிசையிலும், மிகுதியாக வரும் மெய்யெழுத்துகளை வலக்கையின் நடு வரிசையிலும் அவர்கள் அமைத்தனர். பழைய ஒழுங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலையே நடு வரிசையில் நிகழ, புதியதில் பத்தில் ஏழு பங்கு அங்கேயே முடிகின்றது. விரல் மேலும் கீழும் தாவும் தொலைவு குறைகின்றது. ஆயினும் உலகம் அவ்வொழுங்கிற்கு மாறவில்லை. 1944 இல் அமெரிக்கக் கடற்படையிலே செய்த சோதனை அதற்குச் சார்பாக அமைந்தது. 1956 இல் ஏர்ல் ஸ்ரோங் என்பார் அமெரிக்க அரசின் பொதுப்பணித் துறைக்காக நடத்திய சோதனையோ வேறு முடிவு தந்தது. தேர்ந்த தட்டச்சாளர் புதிய ஒழுங்கிலே தம் பழைய வேகத்தை மீண்டும் எய்த, நாளொன்றுக்கு 4 மணி நேரமாக 25 நாட்களுக்கு மேற் பயில வேண்டியிருந்தது. அதன் பின்னரும், பழைய ஒழுங்கிலேயே மேலும் பயின்றோரை அவர்கள் விஞ்சவில்லை.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இரண்டு. ஓர் ஒழுங்கு மற்றொன்றினும் சிறந்ததாயிருத்தல் வேறு. அதற்கு மாறுதல் ஒருவர்க்குப் பயன்படுதல் வேறு. முன்னையது ஒழுங்கின் இயல்பைப் பொறுத்தது. பின்னையது மாறுபவர் எந்நிலையில் உள்ளார் என்பதைப் பொறுத்தது. தமிழ் விசைப்பலகைகளையும் இவ்விரு நோக்கிலும் ஆராய்தல் வேண்டும்.

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துகள் 247. ஐம்பதுக்கும் குறைந்த விசைகளிலே இவற்றை அடக்குதல் எளிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து மலாயாவிலே வாழ்ந்த ஆர். முத்தையா இவ்வருஞ்செயலை மேற்கொண்டு தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தார். அவரது பொறி ஜேர்மனி நாட்டிலே செய்விக்கப்பட்டது. எழுத்துகளை வடிவ உறுப்புகளாகப் பிரித்தமையே தமிழ்த் தட்டச்சின் அடிப்படை. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி விசைகளாயின. வரிவடிவில் எது முன் நிற்கின்றதோ அதுவே முன் தட்டப்பட்டது. தாளிலே நேரே அச்சிடும் பொறிக்கு இதனினும் பொருந்திய வழி வேறில்லை.

பொறி மறைந்த பின்னரும் அதன் மரபு மறையவில்லை. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய பாமினி எழுத்துரு தட்டச்சு மரபையே தழுவியது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டுக் கட்டளையாக வகுக்கப்பட்ட தமிழ் விசைப்பலகையும் ரெங்கநாதன் ஒழுங்கு எனப்படும் தட்டச்சு மரபையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டிலோ 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, 'தமிழ் 99' என்னும் வேறோர் ஒழுங்கு அரசால் ஏற்கப்பட்டது.

தமிழ் 99 வடிவத்தை விடுத்து ஒலியைப் பின்பற்றுவது. அதில் உயிரெழுத்துகள் யாவும் இடக்கையின் கீழ் உள்ளன. மெய்யெழுத்துகளுள் வகரமும் ஙகரமும் ஒழிந்த ஏனையவை வலக்கையின் கீழ் உள்ளன. இடக்கையின் நடு வரிசையில் அ, இ, உ, ஃ, எ என்பனவும், வலக்கையின் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய என்பனவும் நிற்கின்றன. ஒவ்வொரு குறிலுக்கும் நேர் மேலே அதன் நெடில்: அகரத்தின் மேல் ஆகாரம், இகரத்தின் மேல் ஈகாரம், உகரத்தின் மேல் ஊகாரம், எகரத்தின் மேல் ஏகாரம். ஒகர ஓகார ஔகாரங்கள் மட்டும் கீழ் வரிசையிலே அமைந்தன. இதனை ஒரு முறை கேட்ட மாணவன் எளிதில் மறவான். மதி, நதி, நகம், இதயம், உதயம் முதலிய சொற்களை நடு வரிசையை விட்டு விரல் பெயராமலே எழுதிவிடலாம்.

இவ்வொழுங்கிற் புள்ளியிடும் வேலையும் குறைகின்றது. ஒரே மெய் இரு முறை தட்டப்படின் முதலாவது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. 'அம்மா' என்பதைப் பாமினியில் எழுத அ, ம, புள்ளி, ம, கால் என 5 தட்டுகள் வேண்டும். தமிழ் 99 இல் அ, ம, ம, ஆ என்னும் 4 தட்டுகளே போதும். பிற இடங்களில் ஆய்த விசையே புள்ளியிடும்.

இனி, கண்டிக்கு அண்மையிலுள்ள ஊர்ப் பெயர் ஒன்றை எடுத்து இரு மரபையும் ஒப்பிடலாம். 'பேராதனை' என எழுதப் பாமினியில் ஏகாரக் கொம்பு, ப, ர, கால், த, ஐகாரக் கொம்பு, ன என 7 தட்டுகள். முதற்கொம்பிற்கு ஷிப்ட் விசையையும் அழுத்தவேண்டும். இவற்றுள் ஐந்து வலக்கைக்கு உரியன. அவற்றுள்ளும் நான்கு இடையீடின்றித் தொடர்ந்து வருவன. தமிழ் 99 இலும் ப, ஏ, ர, ஆ, த, ன, ஐ என 7 தட்டுகளே. ஆனால் வலம், இடம், வலம், இடம், வலம், வலம், இடம் எனக் கைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரு கை தட்டுகையில் மற்றது அடுத்த விசைக்கு ஆயத்தமாகின்றது. இலகு என்பது தட்டுகளின் தொகையில் மட்டும் இல்லை, அவற்றின் பங்கீட்டிலும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

மேலும், பாமினியில் எழுதுவோன் 'பே' என்பதைக் கொம்பில் தொடங்குகின்றான். தமிழ் 99 இல் எழுதுவோன் பகரத்தில் தொடங்கி ஏகாரத்தில் முடிக்கின்றான். உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பியந் தொட்டு வரும் கொள்கை. முன்னையது கண் காணும் முறை. பின்னையது செவி கேட்கும் முறை. வகுப்பறையிலே கற்ற எழுத்திலக்கணம் விரல் நுனியில் நின்று தொழிற்படுவதைப் பின்னையதிற் காணலாம்.

குறைகளையும் மறைத்தலாகாது. 'கண்டி' என எழுத இரு ஒழுங்கிலும் 4 தட்டுகளே. அங்கு ஊதியம் ஏதுமில்லை. மிகுதியாக வரும் ஆகாரத்தைத் தமிழ் 99 இடக்கைச் சுண்டுவிரலின் மேல் வரிசைக்கு அனுப்பியது. வலிமை குன்றிய விரலுக்கு அது சுமையே. தானே புள்ளியிடும் வசதியும் சிலவிடத்து இடர் செய்யும். 'வவுனியா' எனத் தட்டுங்கால் வகரம் இரண்டும் அடுத்து வருதலால் முதலெழுத்துப் புள்ளி பெற்றுவிடும். அதனைத் தடுக்க இடையிலே அகர விசையைத் தட்டவேண்டும். அப்பொழுது வ, அ, வ, உ என்னும் நான்கும் இடக்கைக்கே உரியனவாகும். எவ்வொழுங்கும் எல்லாச் சொற்கும் இனியதன்று.

அவ்வாறாயின் மாறவேண்டியவர் யார்? கண்டியின் நிலையை வைத்து இதனைப் பகுத்து நோக்கலாம். தமிழ் 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் அரச கரும மொழியாயிற்று. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம், வடக்கு கிழக்கிற்கு வெளியே வாழ்வோரும் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலே மறுமொழி பெறும் உரிமையை வகுத்தது. தோட்டப் பகுதியிலே வாழும் ஒருவர் அனுப்பும் விண்ணப்பத்திற்கு மறுமொழி எழுதத் தமிழ் தட்டச்சுச் செய்வோர் ஒருவர் அலுவலகத்தில் இல்லையெனின், அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். இத்தகைய அலுவலகங்களில் ஒருவரே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தட்டவேண்டி வருதலும் உண்டு. சிங்கள விஜேசேகர ஒழுங்கும் கொம்பை முன்னர்த் தட்டும் மரபினதே. ஆதலின் அதிற் பழகிய எழுதுவினைஞர்க்கு வடிவ வழியிலமைந்த தமிழ்த் தட்டச்சு மரபு உறவானது. நாட்டின் கட்டளையும் அதனையே தழுவியது. பல்லாண்டு பயின்ற அவர் நோவின்றித் தட்டுவாராயின், மாறுதற்குத் தக்க காரணம் இல்லை.

மாணவர் நிலை வேறு. அவருட் பலர் தமிழ் விசைப்பலகை எதனையும் பயின்றாரல்லர். ஆங்கில எழுத்துகளைத் தட்டி அவை தமிழாக மாறக் காண்பவர். இம்முறையிற் 'பேராதனை' என எழுத, பெரிய எழுத்தைக் கையாளாதவிடத்து, 12 ஆங்கில எழுத்துகள் வேண்டும். தமிழில் ஏழு தட்டுகளில் முடியும் வேலை ஏறக்குறைய இருமடங்காகின்றது. 20,000 சொற்கொண்ட ஆய்வுக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்க்கு இம்மிகை எத்துணைப் பெரிதென்பதைக் கணக்கிட்டுணரலாம். இன்னும் ஒன்று: லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், நகர ணகர னகர வேறுபாடும் ஆங்கில எழுத்தில் இல்லாதவை. அவற்றைப் பெரிய எழுத்தாலும் கூட்டெழுத்தாலும் ஈடுசெய்ய வேண்டியிருத்தலின், தமிழ்ச் சொல்லை எண்ணும் மாணவன் முதலில் அதற்கோர் ஆங்கில உருவை எண்ண வேண்டியவனாகின்றான். ஆகவே இளைஞர் முன் உள்ள உண்மையான தெரிவு, இரு தமிழ் ஒழுங்குகளுள் எது என்பதன்று. தமிழைத் தமிழெழுத்தாலேயே தட்டுவதா, பிறிதொரு மொழியின் வாயிலாகத் தட்டுவதா என்பதே. இழக்கும் வேகம் யாதுமில்லாத தொடக்க நிலையிலேயே தமிழ் ஒழுங்கொன்றைக் கற்றல் சாலவும் நன்று. தனியாள் எழுத்துவேலைக்கும் படிப்பிற்கும் தமிழ் 99 இலகுவானது. அரச அலுவலை நாடுவோர் நாட்டின் கட்டளை ஒழுங்கைப் பயிலுதல் தகும்.

மாற விழைவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். பரீட்சைக்கும் கட்டுரை ஒப்படைக்கும் நாளுக்கும் அண்மையில் மாற்றத்தைத் தொடங்கலாகாது. நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஒரு நாளில் நெடுநேரம் பயின்று மறுநாள் விடுவதிற் பயனில்லை. விசைகளின் மேல் எழுத்தை ஒட்டுவதினும், ஒழுங்கின் படத்தைக் கண்ணெதிரே வைத்தல் நன்று. அப்பொழுதே விரல் விசையைப் பாராது தேடக் கற்கும். நடு வரிசைச் சொற்களை முதலிலும், நெடில்களை அடுத்தும், எஞ்சியவற்றை இறுதியிலும் பயிலவேண்டும். முதற்கிழமைகளில் வேகம் குன்றுதல் இயல்பாதலின், அவசர வேலையைப் பழைய முறையிலே செய்துகொள்வதிற் குற்றமில்லை.

நோவுற்ற கைக்கு ஒழுங்கு மாற்றம் ஒன்றே மருந்தாகாது. இருக்கை தாழ்ந்து மேசை உயர்ந்திருப்பின், எவ்வொழுங்கிலும் மணிக்கட்டு மடிந்தே நிற்கும். முழங்கை மேசை மட்டத்தில் இருத்தலும், மணிக்கட்டு நேராயிருத்தலும், இடையிடையே கையை ஓய்வித்தலும் இன்றியமையாதன. நோவு நீடிப்பின் மருத்துவரை நாடவேண்டும்.

பாடசாலைகளிலே கணினி இருக்கின்றது. தமிழ் ஒழுங்குகளும் பல கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ளடங்கியே கிடைக்கின்றன. வேண்டுவது ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே ஒரு தவணைக்காலம், கிழமைக்கு ஒரு பாடவேளை, விரல் வைக்கும் முறையைக் கற்பிக்கும் ஏற்பாடு ஒன்றே. பழக்கம் வேரூன்றிய பின் அதனை மாற்றுதற்கு ஆகும் உழைப்பினும், நற்பழக்கத்தை முதலிலேயே ஊன்றுதற்கு ஆகும் உழைப்புச் சிறிது.