சிதம்பரத்துக்கு ஒரு வாடகை விமானம்

சிதம்பரம் ரயிலடியில் இறங்குகிறவர் வாடகை வண்டி பிடித்துக் கொண்டு கீழ வீதிக்குப் போவது சகஜம். கடலூரில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொண்டு கடற்கரைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று பேசி ஆகாய விமானத்தையே வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால், நேயர்களில் சிலர் புன்னகை புரியலாம்.

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. விமானியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையும் பெண்ணும் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். நமது நாட்டில் தொழில் விமானி லைசென்ஸ் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளெல்லாம் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் விமானத்திலோ, அயல்நாடு சென்று வாடகைக்கு எடுத்த விமானத்திலோ கழிகின்றன. பெற்றோர் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பணம் கட்டுகிறார்கள். மணிக்கு என்ன கட்டணம் என்பதைத் தவறாமல் விசாரிக்கிறார்கள். பெட்ரோலை யார் அளந்து பார்க்கிறார்கள் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அதை ஏன் விசாரிக்க வேண்டும் என்பதையே இங்கே சொல்ல முன்வந்தோம்.

வாடகை இரண்டு வகைப்படும். பெட்ரோல் சேராத வாடகையை 'டிரை' என்றும், பெட்ரோலும் சேர்ந்த வாடகையை 'வெட்' என்றும் விமானிகள் சொல்லுவார்கள். இரண்டாவது வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. வழியில் வேறு ஊரில் பெட்ரோல் போட்டால் சொந்தக்காரர் பெரும்பாலும் தம்முடைய ஊர் விலையைத்தான் கணக்கில் கழித்துக் கொடுப்பார். வழியூரில் விலை அதிகமானால், வித்தியாசம் வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழும். "இருக்கிற பெட்ரோலிலேயே ஊர் போய்ச் சேர்ந்து விடலாமே!" என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது. அந்த ஆசை பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

பெட்ரோலுக்கு முன்கூட்டி வழி செய்த பிறகே பறப்பது என்பது நம் நாட்டு விமான சரித்திரத்தின் முதல் பாடங்களில் ஒன்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, நாலு காலன் டின்களில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். வேகம் விமானத்துக்கு இருந்தாலும், அதற்கு உயிர் கொடுத்தது மாட்டு வண்டிதான்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிதம்பரம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 185 கிலோமீட்டர். வேண்டிய உத்தரவுகளையெல்லாம் பெற்றுக் கொண்டு, ஒருவர் வாடகை விமானத்தில் கடலூர் வழியாகச் சென்று, நாலு கோபுரங்களையும் மேலிருந்து தரிசித்துத் திரும்ப விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். செலவு மணிக்கு 40 லிட்டர். போக வர 370 கிலோமீட்டருக்கு 101 நிமிஷம். பெட்ரோல் 67 லிட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும்.

ஆனால் தெற்கேயிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் போவதற்கு 62 நிமிஷமும் வருவதற்கு 43 நிமிஷமும் ஆகும். போகும்போது இழந்தது வரும்போது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆக 105 நிமிஷம். யந்திரத்தைச் சூடேற்றி மேலே ஏற 15. கோபுரங்களையும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் சுற்றிப் பார்க்க 15. மழை மேகத்தை விலகிப் போக 20. சென்னையில் மழை கொட்டி இறங்க முடியாவிட்டால் புதுச்சேரிக்குத் திரும்ப 40. இவ்வளவுக்கும் பிறகு கையிருப்பாக 45. கூட்டினால் 240 நிமிஷம். பெட்ரோல் 160 லிட்டர்! 67 லிட்டர் போதும் என்று புறப்பட்டவர் கதி என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். அமெரிக்காவில் பகலில் 30 நிமிஷமும் இரவில் 45 நிமிஷமும் கையிருப்பு இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது குறைந்தபட்ச அளவு. புத்திசாலிகள் அதற்கு மேலும் வைத்துக் கொள்கிறார்கள்.

நடுவழியில் யந்திரம் நின்றால் எங்கே இறங்குவது? 5,000 அடி உயரத்தில் நின்று போன சிறு விமானம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் மிதந்து செல்லும். கடலூரிலும் சிதம்பரத்திலும் விமான நிலையம் கிடையாது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் ஓடுபாதை ஒன்று உண்டு. ஆனால் சிதம்பரத்திலிருந்து அது சுமார் 30 கிலோமீட்டர். எட்டாது. கீழே ஒரு பக்கம் கடல், கழி, சவுக்குத் தோப்பு. மறு பக்கம் வீராணத்துப் பாசனத்தில் தண்ணீர் நிற்கும் சம்பா வயல். வயலுக்கு வயல் வரப்பு. ஐப்பசி கார்த்திகையில் உலர்ந்த திடல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

விமானம் சற்றே பெரிய தரமாயிருந்தால் இன்னொரு சிக்கல் சேருகிறது. சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிக் கொள்ளும் வசதி, கோணம் மாற்றக்கூடிய புரொபெல்லர், இறக்கையில் மடக்குப் பலகைகள் இம்மூன்றும் உள்ள விமானத்துக்கு 'காம்ப்ளெக்ஸ்' என்று பெயர். இதில் வேகம் அதிகம்; நினைவில் வைக்க வேண்டிய காரியங்களும் அதிகம். சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையைத் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர். இறங்குமுன் மூன்று பச்சை விளக்கும் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆனால் கடலிலோ சேற்றிலோ இறங்க நேர்ந்தால் சக்கரத்தை மடக்கியே வைத்திருப்பதுதான் பொதுவான விதி. இறக்கினால் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். பழகாத விமானத்தில், நெருக்கடியான சமயத்தில், இதையெல்லாம் யோசித்துக் கொண்டிருக்க அவகாசம் ஏது?

பெட்ரோல் இருந்தும் யந்திரத்துக்குப் போகாமல் இருப்பதும் உண்டு. பல விமானங்களில் இரண்டு இறக்கைகளிலும் தனித்தனித் தொட்டி. ஒன்று தீருமுன் கைப்பிடியைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் தாம் புதிதாக வாங்கிய சிறு விமானத்தில் 1997 அக்டோபர் 12-ந் தேதி கடலில் விழுந்து மாண்டார். அந்த விமானத்தில் இக்கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதை எட்ட முயன்றபோது விமானம் கை தவறியது என்று விசாரணை செய்தவர்கள் முடிவு செய்தார்கள்.

தவறான எண்ணெய் போடுவதும் ஆபத்து. 1978-ஆம் ஆண்டில் பாப் ஹூவர் என்ற புகழ் பெற்ற விமானியின் பெட்ரோல் விமானத்தில், பணியாள் ஜெட் விமானத்துக்குரிய மண்ணெண்ணெயை நிரப்பிவிட்டான். கிளம்பிய சிறிது நேரத்தில் இரண்டு யந்திரங்களும் நின்றன. ஹூவர் எப்படியோ இறக்கி எல்லோரையும் காப்பாற்றினார். பிறகு அந்தப் பையனை அணைத்துக் கொண்டு, மறுநாள் தம் விமானத்துக்கு அவனே பெட்ரோல் போட வேண்டும் என்றாராம். இந்தப் பெருந்தன்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் எல்லோரும் ஹூவர் அல்ல. பெட்ரோல் நீல நிறமாயிருக்கும். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் நிறமும் தெரியும், அடியில் தங்கிய தண்ணீரும் தெரியும். மழையில் நனைந்து நின்ற விமானத்துக்கு இந்தச் சோதனை மிக மிக அவசியம்.

ஆகவே, பிள்ளையைப் பறக்க அனுப்பும் தாய் தந்தையர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். "அப்பா, முள்ளை நம்பினாயா, தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்தாயா? ஆசிரியரை அருகில் வைத்துக் கொண்டு இந்த விமானத்தில் எத்தனை மணி பழகினாய்? இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் உன் பெயர் சேர்ந்திருக்கிறதா? காற்று எதிர்த்தால் எந்த ஊரில் இறங்குவதாக முடிவு செய்திருக்கிறாய்?" பிள்ளை இவற்றுக்கெல்லாம் உடனே பதில் சொன்னால் மனம் நிம்மதியடையலாம். சிரித்து மழுப்பினால் அன்றைக்குப் பிரயாணம் வேண்டாம்.

பறந்து வந்து இறங்கிய பின் தொட்டியில் 80 லிட்டர் மிச்சமிருந்தால் அதை நஷ்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். வழியூரில் விலை வித்தியாசமாகச் சில ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் போகட்டும். வீட்டில் காத்திருப்பவர்கள் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.