ரம் வேண்டாம், கட்டன் டீ போதும்: முட்டை சேர்க்காத வீட்டுக்கும் கொடுக்கக்கூடிய அயர்லாந்து பழக் கேக்

டிசம்பர் வந்துவிட்டால் திருச்சி பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் பிளம் கேக் இடம் பிடித்துவிடும். அலுவலகத்தில் ஒரு துண்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அதே கேக் ஸ்ரீரங்கத்தில் முட்டை தொடாத ஒரு வீட்டுக்குப் போனால், இரண்டு கேள்விகள் வரும். "முட்டை போட்டிருக்கா?" "ரம் இருக்கா?" பதில் தெரியாவிட்டால் கேக் சத்தமில்லாமல் வேறு யாருக்காவது போய்ச் சேரும். கொடுத்தவருக்கும் சங்கடம், வாங்கியவருக்கும் சங்கடம்.

ரம் பற்றிய கேள்விக்கு அயர்லாந்து சமையலறைகளில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது: பழங்களை டீயில் ஊறப்போடுவது. முட்டைக்கான விடை நம் வீட்டுத் தயிரில் இருக்கிறது.

டீ ப்ராக் என்றால் என்ன?

அயர்லாந்தின் பாரம்பரியப் பழ ரொட்டிக்கு 'பார்ம்ப்ராக்' என்று பெயர். ஐரிஷ் மொழியில் 'புள்ளி போட்ட ரொட்டி' என்று பொருள். வெட்டினால் உள்ளே திராட்சைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் அந்தப் பெயர். அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று அங்கே இது இல்லாமல் முடியாது. உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்கள். மோதிரம் யார் துண்டில் வருகிறதோ, அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை. நாணயம் வந்தால் பணம், துணித்துண்டு வந்தால் கஷ்டம். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-ல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் ஒரு கதையே இந்த ரொட்டியைத் துண்டு போட்டு அடுக்கி வைத்திருக்கும் சமையலறையில்தான் தொடங்குகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஈஸ்ட் போட்டு மாவைப் புளிக்க வைப்பது. இன்னொன்று ஈஸ்ட் இல்லாமல், பேக்கிங் பவுடர் சேர்த்து வீட்டில் சுலபமாகச் செய்வது. இரண்டாவதுதான் டீ ப்ராக். இதில் உலர்பழங்கள் இரவு முழுக்கச் சூடான, திடமான, பால் சேர்க்காத டீயில் ஊறும். வழக்கமான செய்முறையில் மாவுக்குள் வெண்ணெய்கூடக் கிடையாது. வெண்ணெயை வெட்டிய துண்டின் மேல்தான் தடவுவார்கள்.

நம் ஊர்ப் பழக் கேக்கில் ரம் எப்படி வந்தது?

இங்கே பழக் கேக் பிரிட்டிஷ்காரர்கள் வழியாக வந்தது. கேரளாவின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் 1883-ல் ஒரு ஆங்கிலேயத் தோட்ட முதலாளிக்காக கிறிஸ்துமஸ் கேக் செய்தார், அதில் உள்ளூர் மதுவைச் சேர்த்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

திருச்சியில் இந்த ருசிக்கு ரயில்வேயும் ஒரு வழி. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியது. கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ரயில்வே குடியிருப்புக்கு வந்தன. பழங்களை வாரக்கணக்கில் ரம்மில் ஊறப்போட்டு கிறிஸ்துமஸ் கேக் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். ரம் அங்கே ருசிக்கு மட்டும் இல்லை. பழம் கெடாமலும் கேக் பல வாரம் தாங்கவும் ஆல்கஹால்தான் காவல்.

"வேகும்போது ரம் ஆவியாகிடும்ல?"

முழுசாகப் போகாது. மாவோடு கலந்து ஒரு மணி நேரம் பேக் செய்தாலும் சேர்த்த ஆல்கஹாலில் சுமார் 25 சதவீதம் தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. இரண்டு மணி நேரம் வெந்தாலும் 10 சதவீதம் இருக்கும். வெந்த பிறகு கேக் மேல் ரம் தெளிக்கிற வழக்கமும் உண்டு. அது அடுப்பையே பார்ப்பதில்லை. ஆக, "ரம் இருக்கா?" என்று கேட்பவர் தேவையில்லாமல் கேட்கவில்லை.

டீ அப்படி என்ன செய்கிறது?

உலர்திராட்சையில் தண்ணீர் ரொம்பக் குறைவு, சர்க்கரை மிக அதிகம். அப்படியே மாவில் போட்டால் அது மாவிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேக் வறண்டுபோகும், மேலே தெரியும் திராட்சை கருகிக் கசக்கும். முன்பே ஊறப்போட்டால் பழம் உப்பி மெத்தென்றாகிவிடும், மாவின் ஈரம் மாவுக்கே மிஞ்சும்.

இதைச் சுடுதண்ணீரும் செய்யும். டீயில் கூடுதலாக இருப்பது டானின். நாக்கில் லேசாகத் துவர்க்கிறதே, அதுதான். உலர்பழமும் சர்க்கரையும் சேர்ந்து தித்திப்பு திகட்டும் இடத்தில் இந்தத் துவர்ப்பு சமன் செய்யும். கேக்குக்கு அந்த ஆழமான பழுப்பு நிறமும் கிடைக்கும். இதற்கு ஏலக்காய், மசாலா டீ எதுவும் வேண்டாம். சாதாரண டீத்தூள் போதும். அயர்லாந்தில் குடிக்கும் திடமான டீயிலும் அசாம் இலைக்கு முக்கிய இடம் உண்டு.

காபி ஊரில் டிகாக்‌ஷன் ஊற்றினால் என்ன? ஊறும். ஆனால் கசப்பு பழத்தின் ருசியை அமுக்கிவிடும். முதல் தடவை டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முட்டையை எடுத்தால் கேக் உதிராதா?

முட்டை மாவைப் பிணைக்கும், உப்ப உதவும், ஈரம் தரும். பஞ்சு போன்ற கேக்கில் இதை ஈடுகட்டுவது கஷ்டம். டீ ப்ராக் அப்படியில்லை. இது ரொட்டி மாதிரி கெட்டியாக இருக்க வேண்டிய கேக். வழக்கமான அளவில் ஒரே ஒரு முட்டைதான் சேரும். ஊறிய பழத்தின் பிசுபிசுப்பே பாதி பிணைப்பைப் பார்த்துக்கொள்ளும். மீதிக்குத் தயிர். தயிரின் புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகி மாவை உப்ப வைக்கும்.

என்ன வேண்டும்?

* உலர்பழங்கள் – 300 கிராம். கிஸ்மிஸ், கருப்பு திராட்சை, நறுக்கிய பேரீச்சை கலந்து
* சூடான, திடமான கட்டன் டீ – 250 மி.லி.
* நாட்டுச்சர்க்கரை – 150 கிராம்
* மைதா – 250 கிராம். பாதி கோதுமை மாவும் சேர்க்கலாம்
* பேக்கிங் பவுடர் – 2 டீஸ்பூன், சமையல் சோடா – கால் டீஸ்பூன்
* கெட்டித் தயிர் – 60 கிராம்
* எண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன்
* பட்டைத்தூள் – 1 டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள், உப்பு – தலா ஒரு சிட்டிகை

திருச்சி அடையாளம் வேண்டுமா? வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருப்பது இந்த ஊரில்தான். தொட்டியம் பக்கம் வாழைத் தோட்டங்கள் நிறைய. உலர்ந்த வாழைப்பழம் கிடைத்தால் பொடியாக நறுக்கி 50 கிராம் சேர்த்து, மற்ற பழத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். டூட்டி ஃப்ரூட்டி என்பது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான். அதை டீயில் போட்டால் நிறம் போய்விடும். வேண்டுமானால் கடைசியில் மாவோடு சேர்க்கலாம்.

எப்படிச் செய்வது?

1. பழங்களைக் கழுவி, நாட்டுச்சர்க்கரையோடு ஒரு பாத்திரத்தில் போட்டு, சூடான டீயை ஊற்றி மூடி வையுங்கள். குறைந்தது 8 மணி நேரம் ஊறட்டும். வெயில் காலமாக இருந்தால் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் வைப்பது பாதுகாப்பு.
2. காலையில் மிச்சமிருக்கும் டீயைக் கொட்டிவிடாதீர்கள். அதுதான் மாவைப் பிசையும் தண்ணீர். அதிலேயே தயிர், எண்ணெய் சேர்த்துக் கலக்குங்கள்.
3. மாவு, பேக்கிங் பவுடர், சோடா, பட்டை, ஜாதிக்காய், உப்பைச் சலித்துச் சேருங்கள். உலர்மாவு மறையும் வரை கிளறினால் போதும். அதற்கு மேல் கிளறினால் கேக் ரப்பராகும். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கணும். ரொம்ப இறுகினால் இரண்டு ஸ்பூன் டீ விடலாம்.
4. பட்டர் பேப்பர் போட்ட 9 அங்குல ரொட்டி டின்னில் ஊற்றி, முன்பே சூடான ஓவனில் 165 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரு மணி நேரம் முதல் 70 நிமிடம் ஆகும். நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. மேல்பகுதி சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.
5. முழுசாக ஆறிய பிறகே வெட்டணும். சூட்டில் வெட்டினால் உதிரும். சுற்றி வைத்து மறுநாள் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடும்.

ஓவன் இல்லாவிட்டால், அடி கனமான பெரிய பாத்திரத்தில் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்கி, டின்னை உள்ளே வைத்து சிறு தீயில் வேகவிடலாம். நேரம் கொஞ்சம் கூடும்.

எத்தனை நாள் தாங்கும்?

ரம் இல்லாததற்கான விலை இங்கேதான். ரம் கேக் போல வாரக்கணக்கில் வைக்க முடியாது. திருச்சி வெப்பத்தில் வெளியே இரண்டு நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய துண்டைத் தோசைக்கல்லில் லேசாகச் சூடு பண்ணி வெண்ணெய் தடவலாம். இன்னொன்று: வெண்ணெய் இல்லை என்பதால் இது 'டயட் கேக்' ஆகிவிடாது. உலர்திராட்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மெல்லிய துண்டு போதும்.

கொடுக்கும்போது என்ன சொல்லணும்?

கடையில் வாங்கும் கேக் என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். இந்திய விதிகளின்படி முட்டை சேர்ந்த உணவு அசைவக் கணக்கில் வரும். பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லை. ஆனால் அந்தப் பச்சை வட்டம் ரம் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குச் சேர்மானப் பட்டியலைத்தான் படிக்கணும்.

வீட்டில் செய்த கேக்குக்கு லேபிள் கிடையாது. ஒரு சின்னச் சீட்டில் "முட்டை இல்லை, மது இல்லை; மைதா, தயிர், டீ, உலர்பழம்" என்று எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். முட்டைக்குப் பயன்படுத்தும் பாத்திரத்தையே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. அப்படியிருந்தால் எந்தப் பாத்திரத்தில் செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். யாரும் யாரையும் சங்கடமாகக் கேட்க வேண்டியதில்லை.