தொகுப்புக் காணொளி வழியே கூடைப்பந்து வீரர்களை மதிப்பிடுதல்

தொகுப்புக் காணொளி மதிப்பீடு என்பது, கல்லூரியில் சேர விரும்பும் கூடைப்பந்து வீரர் அல்லது வீராங்கனையின் சிறந்த ஆட்டத் துணுக்குகளை மட்டும் கோத்த குறுங்காணொளியைப் பார்த்து அவரது திறனைக் கணிக்கும் முறை ஆகும். இத்தொகுப்பு ‘ஹைலைட்ஸ்’ என்றும் வழங்கப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது நெடுநாள் வழக்கம். கைப்பேசிக் கேமரா பரவிய பின் தமிழகப் பள்ளி மாணவர்களும் இத்தகைய தொகுப்புகளை எளிதாக உருவாக்க முடிகிறது.

கோவைச் சூழல்

கோயம்புத்தூர் தமிழகக் கூடைப்பந்தின் முக்கிய மையங்களுள் ஒன்று. ஆண்களுக்கான நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை ஆகிய அகில இந்தியப் போட்டிகள் இங்கு நடக்கின்றன. 1982இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகள் தமக்குள் மோதுகின்றன. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகும் வீரர்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்கின்றனர்.

எனவே கல்லூரிகள் நல்ல வீரர்களைத் தேடுகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடமும் கட்டணச் சலுகையும், வசதி குறைந்த குடும்பத்து மாணவருக்குப் பட்டப்படிப்பின் வாசலாகவே அமையக்கூடும். தவறான கணிப்பால் அணிக்கு ஓர் ஆண்டு வீணாகும். மாணவருக்கோ படிப்பே கைநழுவலாம்.

காணொளி மறைப்பவை

தொகுப்பில் விழுந்த பந்துகள் மட்டுமே இருக்கும். தவறிய எறிகள் இருக்காது. ஒரு காணொளியில் பத்து மூன்று புள்ளி எறிகள் வெற்றி பெறுவதாகக் கொள்வோம். அவை 25 முயற்சிகளில் வந்தவை என்றால் வெற்றி விகிதம் 40 விழுக்காடு. ஒரு முயற்சிக்குச் சராசரியாக 1.2 புள்ளி. 50 முயற்சிகளில் வந்தவை என்றால் 20 விழுக்காடு, சராசரி 0.6 புள்ளிதான். இரண்டு வீரர்களின் காணொளியும் ஒன்றுபோலவே இருக்கும்.

தற்காப்பு, பந்தின்றி நகர்தல், எதிரணியைத் தடுத்து நின்று மீள்பந்தைக் கைப்பற்றுதல், பந்தை இழந்ததும் திரும்பி ஓடுதல் போன்றவையும் தொகுப்பில் அரிதாகவே இடம்பெறும். எதிரணியின் தரத்தையும் அதிலிருந்து அறிய இயலாது.

காணொளியில் அளக்கக்கூடியவை

ஆடுகளத்தின் நிலையான அளவுகள் அளவுகோலாக உதவும். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். வலை 40 முதல் 45 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. ஆகவே அதன் அடிநுனி ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரத்தில் தொங்கும். வளையத்தின் நேர்கீழே நிற்கும் வீரரின் உயரத்தையும் தாவலையும் இதைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம்.

மூன்று புள்ளிக் கோட்டில் கவனம் தேவை. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2010இல் அதன் தொலைவை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டராக உயர்த்தியது. பழைய கோடு அழியாத சிமெண்ட் களத்தில் எடுத்த காணொளியில், எறி எந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அத்துடன் பின்வருவனவும் கவனிக்கப்படுகின்றன:

- வலக்கை, இடக்கை இரண்டாலும் பந்தைத் தட்டிச் செல்கிறாரா?
- ஒவ்வோர் எறியிலும் கால், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் நிலை மாறாமல் இருக்கிறதா?
- பந்தைப் பெறும் முன்பே தலை நிமிர்த்திக் களத்தைப் பார்க்கிறாரா?
- எதிராளி நெருங்கி நிற்கும்போதும் எறி நேராகச் செல்கிறதா?

முழு ஆட்டப் பதிவு

மேற்கண்டவற்றுள் ஐயம் எழுந்தால், வெட்டப்படாத இரண்டு ஆட்டங்களின் பதிவைக் கேட்பது நல்லது. அவற்றுள் ஒன்று வலுவான அணியிடம் தோற்ற ஆட்டமாக இருந்தால் பயன் மிகுதி. ஓர் ஆட்டம் தலா 10 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக 40 நிமிடம் நடக்கும். நான்காம் பகுதியில் கால் தளரும்போது ஆடும் விதம், தவறுக்குப் பின் முகபாவம், சக வீரருடன் பேச்சு ஆகியவை அப்போதுதான் புலப்படும். முயற்சிகளையும் வெற்றிகளையும் கோடிட்டு எண்ணினால் உண்மையான விகிதம் கிடைக்கும்.

நேர்மையும் வரம்பும்

நல்ல கேமராவும் காணொளி தொகுக்கத் தெரிந்தவரும் எல்லாப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. காணொளியை மட்டும் நம்பினால், சிற்றூர்க் களத்தில் ஆடும் திறமையாளர் பார்வைக்கே வராமல் போவார். மாநில அரசின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள் போட்டிச் சான்றிதழ்களின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. ஆனால் அணியாக ஆடிப் பெற்ற சான்றிதழ், தனி ஒருவரின் பங்கை முழுமையாகச் சொல்லிவிடாது.

ஆகவே, யாரை நேரில் அழைக்கலாம் என்று முடிவு செய்வதற்கே தொகுப்புக் காணொளி ஏற்றது. யாரை விலக்கலாம் என்பதற்கு அது போதிய சான்றன்று. இறுதி முடிவு, எல்லா மாணவரும் ஒரே களத்தில், ஒரே பந்துடன், ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் நேரடித் தேர்வில் எடுக்கப்படுவதே முறை.