டிராப்டவுனில் புதுப்பெயர் ஏன் வரவில்லை?

டேட்டாபேஸில் புதிதாக ஒரு நகரத்தைச் சேர்த்தாயிற்று. ஆனால் படிவத்தின் டிராப்டவுனில் அந்தப் பெயர் இல்லை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் வந்துவிடுகிறது. ஜாங்கோ கற்கத் தொடங்குபவர்கள் பலரைக் குழப்பும் புதிர் இது.

ஜாங்கோ, பைத்தானில் எழுதப்பட்ட வெப் ஃபிரேம்வொர்க். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து நாளிதழான லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டின் இணையப் பிரிவில் 2003இல் உருவாகி, 2005இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. படிவத்துக்கு என்னென்ன புலங்கள் வேண்டும் என்று ஒரு கிளாஸில் எழுதிவிட்டால் போதும். அதைத் திரையில் காட்டுவதையும் நிரப்பி வருவதைச் சரிபார்ப்பதையும் ஜாங்கோவே பார்த்துக்கொள்ளும்.

புதிருக்கு விடை அந்தக் கிளாஸில்தான் இருக்கிறது. கிளாஸுக்குள் நேரடியாக எழுதியதை, அந்தக் கோப்பு ஏற்றப்படும்போது பைத்தான் ஒரே முறைதான் இயக்குகிறது. நகரப் பட்டியலை அங்கேயே டேட்டாபேஸிலிருந்து எடுத்து வைத்தால், அது ஓட்டல் வாசலில் பெயின்டில் எழுதிய பலகாரப் பட்டியல் மாதிரி. சமையலறையில் எது மாறினாலும் பலகை மாறாது.

தீர்வு, டேட்டாபேஸைப் படிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது. பட்டியலுக்குப் பதிலாக, பட்டியலைத் தரும் ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்கலாம்; ஜாங்கோ 1.8 முதல் இந்த வசதி உண்டு. ஒவ்வொரு முறை படிவம் உருவாகும்போதும் அந்த ஃபங்ஷன் புதிதாக அழைக்கப்படும். டேட்டாபேஸிலிருந்தே தேர்வுகளை எடுக்கும் புலமான மாடல்சாய்ஸ்ஃபீல்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதற்குத் தரும் குவெரிசெட், அதாவது டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய கேள்வி, டிராப்டவுனை வரையும் நேரத்தில்தான் டேட்டாபேஸைத் தொடும். ஆளுக்கு ஆள் பட்டியல் மாற வேண்டுமானால், படிவம் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடில் குவெரிசெட்டை வடிகட்டலாம்.

பக்கம் பிரவுசருக்குப் போய்விட்ட பிறகு சர்வரால் தானாக எதையும் மாற்ற முடியாது. நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் நகரங்கள் மாற வேண்டுமென்றால், பிரவுசர்தான் கேட்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டோ எச்டிஎம்எக்ஸ் என்ற நூலகமோ சர்வரை அழைத்து, அந்த டிராப்டவுனை மட்டும் வாங்கிப் பழையதன் இடத்தில் வைக்கும்.

இப்படி மாற்றியபின் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும், சேமிக்கும்போது தேர்வு செல்லாது என்று பிழை வரக்கூடும். படிவம் திரும்பி வந்ததும் ஜாங்கோ அதை மறுபடி உருவாக்கி, வந்த நகரம் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. திரையில் காட்டிய பட்டியல் அதற்குத் தெரியாது. ஆகவே, வந்த நாட்டைப் பார்த்து நகரங்களை வடிகட்டும் வேலையை இனிட் மெத்தடிலும் எழுத வேண்டும். இந்தக் கெடுபிடி தேவைதான்: பிரவுசரிலிருந்து யாரும் எந்த மதிப்பையும் அனுப்பிவிட முடியும்.